காய்ச்சல் இல்லாமல் ஏறியவர்கள்: 2020 மார்ச்சில் அண்டார்ட்டிகா புறப்பட்ட கப்பலின் நுழைவுச் சோதனை

ஏன் இந்தக் கப்பல்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்து உல்லாசக் கப்பல்கள் என்றால் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 2020 பிப்ரவரியில் தனிமைப்படுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலைத்தான் பலரும் நினைவுகூர்வார்கள். அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆனால் அந்தக் கப்பல் 2020 ஜனவரியில் புறப்பட்டபோது இந்த நோயைப் பற்றி உலகுக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருந்தது. ஏறுகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்த நிகழ்வில் விடை தேட முடியாது. அந்தக் கேள்விக்குப் பொருத்தமானது, வாசலில் சோதித்த பிறகும் நோய் உள்ளே வந்துவிட்ட ஒரு கப்பல். 2020 மார்ச் 15 அன்று அர்ஜென்டினாவின் தென்முனையில் உள்ள உசுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்ட்டிகா நோக்கிப் புறப்பட்ட 'கிரெக் மோர்ட்டிமர்' அத்தகைய கப்பல்.

இந்த நிகழ்வுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கப்பலில் இருந்த அனைவரையும், அறிகுறி உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல், ஒரே சமயத்தில், மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் சோதித்தார்கள். அதனால் வாசல் சோதனை எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தவறவிட்டது என்பதை ஊகத்தால் அல்லாமல் எண்களாலேயே பேச முடிகிறது. கப்பலில் இருந்தவர்கள் யார் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அவர்கள் இங்கே பயணி, பணியாளர், மருத்துவர் என்றே குறிக்கப்படுகிறார்கள். புறப்பட்ட நாள் முதல் நாளாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

பின்னணி

உலக சுகாதார நிறுவனம் ஜனவரி 30 அன்று சர்வதேச சுகாதார நெருக்கடியை அறிவித்தது. மார்ச் 11 அன்று இது பெருந்தொற்று என்றது. மார்ச் 13 அன்று, நோயின் மையம் இப்போது ஐரோப்பா என்று அதன் தலைமை இயக்குநர் கூறினார். மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட உல்லாசக் கப்பல்கள் புறப்படத் தடை விதித்தது. அதற்கு மறுநாள் உசுவாயாவில் 128 பயணிகளும் 95 பணியாளர்களும் கொண்ட இந்தக் கப்பல் கயிறு அவிழ்த்தது.

இன்று பின்னோக்கிப் பார்த்தால் அந்தத் தேதியே விபரீதமாகத் தெரிகிறது. அந்த வாரத்தில் நின்று பார்த்தால் அப்படித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயணிகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து உலகின் தென்கோடிக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். கப்பல் சிறியது, 2019இல் கட்டி முடிக்கப்பட்டது. போகும் இடத்தில் ஊர்களோ கூட்டமோ கிடையாது. நகரங்களில் நோய் பரவிக்கொண்டிருக்கும்போது மனித வாசமற்ற பனிக்கடல்தான் பாதுகாப்பானது என்று ஒருவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அந்த எண்ணம் ஒரே ஒரு நிபந்தனையின்மீது நின்றது: ஏறுகிறவர் எவரிடமும் கிருமி இருக்கக் கூடாது. ஆகவே முழுப் பயணத்தின் பாதுகாப்பும் ஏறு பலகையருகே கழியும் சில நிமிடங்களின் பொறுப்பாயிற்று.

வாசலில் நடந்த சோதனை

சோதனையில் மூன்று கூறுகள் இருந்தன. முதலாவது, அறிகுறிகள் உண்டா என்ற விசாரிப்பு. இரண்டாவது, உடல் வெப்பநிலை. மூன்றாவது, பயண வரலாறு: முந்தைய மூன்று வாரங்களில் சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், ஜப்பான், தென்கொரியா, ஈரான் ஆகியவற்றின் வழியாக வந்தவர்களுக்கு ஏற அனுமதி இல்லை. இவற்றுடன், கப்பலின் பல இடங்களில், குறிப்பாக உணவுக்கூடத்தில், கை சுத்திகரிப்பான் வைக்கப்பட்டது.

அன்றைய அளவுகோலில் இது அசட்டையான ஏற்பாடு அல்ல. மூன்று வாரக் கெடு, அப்போது பரவலாகப் பின்பற்றப்பட்ட 14 நாட்களைவிட நீண்டது. பிசிஆர் பரிசோதனை நோயாளிகளுக்கே போதாமல் இருந்த காலம் அது. நலமாக இருக்கும் சுற்றுலாப் பயணியைப் பரிசோதித்து உடனே முடிவு சொல்லும் வசதி பெரிய துறைமுகங்களில்கூட இல்லை. கையில் இருந்த கருவிகளைக் கொண்டு செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். அந்தக் கருவிகளால் எதைக் காண முடியும் என்பதுதான் பிரச்சினை.

பயண வரலாற்றுப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். அதில் ஐரோப்பிய நாடு ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் முன்புதான் நோயின் மையம் ஐரோப்பா என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இந்தக் குறை இந்தக் கப்பலுக்கு மட்டும் உரியதன்று. நோய் உறுதியான எண்ணிக்கையை வைத்தே இத்தகைய பட்டியல்கள் தயாராகின்றன. தொற்றுக்கும் உறுதியான எண்ணிக்கை வெளிவருவதற்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்கள் கழிந்துவிடும். பட்டியல் எப்போதும் போன மாதத்து நோயைத்தான் தடுக்கும். அதிலும், நேராக வந்தவரையே அது கேள்வி கேட்கிறது. விமான நிலையத்தில் பட்டியல் நாட்டுக்காரரின் அருகே நான்கு மணி நேரம் அமர்ந்திருந்தவர் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட்டு ஏறலாம்.

முதல் ஏழு நாட்கள்

இந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எவருக்கும் காய்ச்சல் பதிவாகவில்லை. ஆரோக்கியமான பொதுமக்கள் முகக்கவசம் அணிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே அப்போது சொல்லவில்லை.

அண்டார்ட்டிகா செல்லும் கப்பல்களின் வழக்கம் ஒன்றை இந்த இடத்தில் குறிப்பிடத் தோன்றுகிறது. அங்கே கரையிறங்குமுன் ஒவ்வொரு பயணியும் தன் மேல்சட்டை, பை, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அவற்றின் இடுக்குகளில் விதையோ மண்ணோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்து வாக்குவம் கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள். காலணிகளைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைப்பார்கள். ஒரு புல் விதைகூட அந்தக் கண்டத்துக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். கண்ணுக்குத் தெரியும் பொருளை வாசலில் தடுப்பதில் இந்தத் துறைக்கு நல்ல பழக்கம் உண்டு. மூச்சில் வருவதற்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை.

எட்டாம் நாள்: முதல் காய்ச்சலும் எடுத்த முடிவுகளும்

மார்ச் 22 அன்று பயணி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவக் குழு அன்றே தனிமைப்படுத்தும் நடைமுறையைத் தொடங்கியது. காய்ச்சல் வந்தவரை மட்டும் பிரித்து வைக்காமல் எல்லாப் பயணிகளையும் அவரவர் அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அனைவருக்கும் அறுவைச்சிகிச்சை முகக்கவசம் வழங்கப்பட்டது. காய்ச்சல் உள்ளவரை அணுகும்போது முழுப் பாதுகாப்பு உடை, அறைகளுக்குள் உள்ள எந்தப் பயணியுடன் தொடர்புகொண்டாலும் நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசம் என்று விதி வகுக்கப்பட்டது.

ஒரே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும் கப்பல் முழுவதையும் அறைக்குள் அனுப்பியது மிகையான முடிவாகச் சிலருக்குப் பட்டிருக்கலாம். அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த தர்க்கம் வலுவானது. நோயரும்பும் காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரையான காலம், சராசரியாக ஐந்து நாள், பெரும்பாலும் பதினான்கு நாட்களுக்குள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. எட்டாம் நாளில் காய்ச்சல் என்றால் இரண்டில் ஒன்று: அவர் ஏறும்போதே தொற்றுடன் ஏறி, காய்ச்சல் தாமதமாக வந்திருக்க வேண்டும், அல்லது அறிகுறி எதுவும் காட்டாத வேறு எவரிடமிருந்தோ கப்பலிலேயே அவருக்குத் தொற்றியிருக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால், காய்ச்சல் வந்தவரைப் பிரித்துவைப்பதால் பயன் சிறிதே. எது உண்மை என்று அறிய வழியில்லாதபோது மோசமானதை எடுத்துக்கொண்டு நடந்தது சரியே.

ஆனால் கப்பலைப் பூட்டி வைக்க முடியாது. எஞ்சினை இயக்க வேண்டும், சமைக்க வேண்டும், உணவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பணியாளர்கள் நாளுக்கு மூன்று வேளை தட்டுகளை அறை வாசல்வரை கொண்டுவந்தார்கள். அறையைச் சுத்தம் செய்யும் பணி மட்டும் நிறுத்தப்பட்டது. ஒரு பணியாளர் ஒரு வேளையில் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், பயணிகளின் தனிமை பணியாளர்களின் நடமாட்டத்தால் சாத்தியமானது என்பது விளங்கும். கப்பல்களில் பணியாளர்கள் பொதுவாக அறையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். நுழைவுச் சோதனை பற்றிய பேச்சு எப்போதும் பயணியையே மையமாகக் கொண்டிருப்பதால் இது எளிதில் மறைந்துபோகிறது. அடுத்து வந்த நாட்களில் பணியாளர்களிடமும் பயணிகளிடமும் காய்ச்சல் தொடர்ந்து பதிவானது.

துறைமுகம் தேடி

இதற்குள் அர்ஜென்டினா தன் எல்லைகளை மூடிவிட்டிருந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வழியில்லை. ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்தில் இறங்கவும் அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் வடக்கே உருகுவே நோக்கிச் சென்று, பதின்மூன்றாம் நாளான மார்ச் 27 அன்று அதன் தலைநகர் மான்டிவிடியோவுக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டது.

துறைமுகங்கள் மறுத்ததை மனிதாபிமானமற்ற செயல் என்று சொல்லிவிடுவது எளிது. சில படுக்கைகளே கொண்ட மருத்துவமனை உள்ள ஒரு தீவின் நிர்வாகி, தெரியாத எண்ணிக்கையிலான நோயாளிகளுடன் வரும் கப்பலை எப்படிப் பார்ப்பார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதே வாரங்களில் 'சான்டாம்' என்ற கப்பல், புவனோஸ் ஐரிஸிலிருந்து புறப்பட்டு, துறைமுகத்துக்குப் பின் துறைமுகமாக மறுக்கப்பட்டு, கப்பலிலேயே நால்வர் இறந்த நிலையில், ஏப்ரல் 2 அன்றுதான் ஃப்ளோரிடாவில் கரை சேர்ந்தது. நோயாளிகளை எந்தக் கரை ஏற்கும் என்பது புறப்படும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். நடுக்கடலில் வானொலியில் கேட்கவேண்டியது அன்று.

உருகுவே அதிகாரிகள் தீவிர நிலையில் இருந்தவர்களை மான்டிவிடியோ மருத்துவமனைகளுக்கு மாற்ற அனுமதித்தார்கள். மொத்தம் 8 பேர் அவ்வாறு கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்; 4 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது; ஒருவர் இறந்தார்.

விரைவுப் பரிசோதனையின் பொய்யான ஆறுதல்

மான்டிவிடியோ வந்த பின் காய்ச்சல் கண்ட சிலருக்கு ஆன்டிபாடி விரைவுப் பரிசோதனை செய்யப்பட்டது. அனைத்தும் நெகட்டிவ் என வந்தன. அங்கே விசாரணையை நிறுத்தியிருந்தால், வேறு ஏதோ காய்ச்சல் என்று முடிவுகட்டி எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்திருக்கும் வாய்ப்பு உண்டு.

ஆன்டிபாடி என்பது கிருமிக்கு உடல் காட்டும் பதில். அது இரத்தத்தில் அளவிடக்கூடிய அளவுக்கு உயர, அறிகுறி தோன்றிய பின்னும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் வந்து சில நாட்களே ஆனவரிடம் அதைத் தேடினால் கிடைக்காது; கிடைக்காததை வைத்து நோயில்லை என்று சொல்லவும் முடியாது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், பதினைந்து நிமிடத்தில் ஒரு கோடு என்ற வசதி கவர்ச்சியானது. அந்தக் கோடு எந்தக் கேள்விக்கு விடை என்பதைக் கேட்காமல் அதை வாயில்காவலாக நிறுத்தக் கூடாது. பிற்காலத்தில்கூட, தடுப்பூசி அட்டைக்குப் பதிலாக ஆன்டிபாடி அறிக்கையை நீட்டிய பயணிகள் இருந்தார்கள். நோயாளி மீண்டதற்கான சான்றாகக்கூடப் பல இடங்களில் அது ஏற்கப்படவில்லை.

இருபதாம் நாள்

ஏப்ரல் 3 அன்று கப்பலில் எஞ்சியிருந்த 217 பேரிடமும் மாதிரி எடுத்துப் பிசிஆர் பரிசோதனை செய்யப்பட்டது. 128 பேருக்குத் தொற்று உறுதியானது. அதாவது 59 சதவீதம். (பயணிகளின் எண்ணிக்கையும் 128 என்பது தற்செயல். இந்த இரண்டையும் குழப்பி, பயணிகள் அனைவருக்கும் தொற்று என்று எழுதியவர்கள் உண்டு. தொற்றியவர்களில் பயணிகளும் பணியாளர்களும் கலந்திருந்தார்கள்.) அந்த 128 பேரில் அறிகுறி இருந்தவர்கள் 24 பேர். மீதி 104 பேரிடம், அதாவது 81 சதவீதத்தினரிடம், எந்த அறிகுறியும் இல்லை.

இன்னொரு விவரமும் பதிவாகியுள்ளது. ஒரே அறையில் தங்கிய இரு பயணிகளில் ஒருவருக்குப் பாசிட்டிவ், மற்றவருக்கு நெகட்டிவ் என்று பத்து அறைகளில் முடிவு வந்தது. பதினொரு நாட்களுக்கும் மேலாக ஒரே காற்றைச் சுவாசித்தவர்களிடம் இந்த வேறுபாடு எப்படி என்பது கேட்கவேண்டிய கேள்வி. சிலருக்கு உண்மையிலேயே தொற்றாமல் இருந்திருக்கலாம். சிலருக்குத் தொற்றி நீங்கியிருக்கலாம். சிலரிடம் பரிசோதனையே தவறியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், பிசிஆர் நெகட்டிவ் என்ற ஒற்றைத் தாளை முழு உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இந்தப் பத்து அறைகள் போதும்.

கரையிறக்கம்

உருகுவே அரசு மனிதநேய வழித்தடம் ஒன்றை ஏற்பாடு செய்தது. ஏப்ரல் 11 அன்று, கப்பல் புறப்பட்டு 28ஆம் நாளில், ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் துறைமுகத்திலிருந்து விமான நிலையம் கொண்டுசெல்லப்பட்டு, மருத்துவ வசதியுடன் கூடிய வாடகை விமானத்தில் மெல்போர்னுக்கு அனுப்பப்பட்டார்கள். பிற நாட்டவரின் திரும்புதல் படிப்படியாக நடந்தது.

சோதனை எங்கே தவறியது

முதலில் வெப்பமானி. அறிகுறி உள்ள 24 பேருக்கும் ஏறும் நாளிலேயே காய்ச்சல் இருந்திருந்து, வெப்பமானி ஒருவரையும் தவறவிடாமல் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 104 பேரை அது கண்டிருக்காது. உண்மையில் முதல் காய்ச்சலே எட்டாம் நாளில்தான் வந்தது. ஆகவே மார்ச் 15 அன்று அந்தக் கருவியால் பிடிக்கத்தக்கது எதுவும் இல்லை. வழக்கமான 38 டிகிரி செல்சியஸ் வரம்பை 37.5 ஆகக் குறைத்திருந்தாலும் விளைவு மாறியிருக்காது. போதாக்குறைக்கு, நெற்றியை நோக்கிப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி தோலின் வெப்பத்தைத்தான் அளக்கிறது; உசுவாயாவின் குளிர்காற்றில் வரிசையில் நின்று வந்தவரின் நெற்றி, உள்ளே காய்ச்சல் இருந்தாலும் குளிர்ந்திருக்கும். காலையில் விழுங்கிய பாராசிட்டமால் மாத்திரையையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது.

81 சதவீதம் என்ற எண்ணை அப்படியே பொதுவிதியாக்குவதும் தவறு. அது ஒரே நாளில் எடுத்த படம். அன்று அறிகுறி இல்லாதவர்களில் சிலருக்கு மறுநாள் வந்திருக்கலாம். அறிகுறியே இல்லாமல் போகிறவர்களின் பங்கு இதைவிடக் குறைவு என்றே பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் மதிப்பிட்டன. ஆனால் கப்பலின் வாசலில் நிற்கும் ஊழியருக்கு, நிரந்தரமாக அறிகுறியற்றவர் என்பதற்கும் நாளைக்கு அறிகுறி வரப்போகிறவர் என்பதற்கும் வேறுபாடு இல்லை. இருவரும் அவர் முன்னால் சிரித்த முகத்துடன் நிற்கிறார்கள், இருவருமே பரப்புகிறார்கள்.

அடுத்தது, விசாரிப்புப் படிவம். 'கடந்த 14 நாட்களில் இருமல் இருந்ததா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால் என்ன ஆகும் என்பது வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். பல ஆண்டுச் சேமிப்பைக் கட்டணமாகச் செலுத்தி, மூன்று விமானம் மாறி வந்து, பெட்டி கப்பலுக்குள் போய்விட்ட பிறகு கேட்கப்படும் கேள்வி அது. 'ஆம்' என்றால் பணம் திரும்பாது, தங்க இடமில்லை, திரும்பும் விமானமும் வாரம் கழித்து. இந்த நிலையில் லேசான தொண்டைக் கரகரப்பை ஏர்கண்டிஷனர்மீது பழிபோடாதவர் அபூர்வம். பொய் சொல்கிறார்கள் என்று பயணிகளைக் குறைகூறுவதைவிட, உண்மை சொல்வதற்கு இவ்வளவு விலை வைத்தவர்கள் யார் என்று கேட்பது பயன்தரும். பிற்காலத்தில் பல நிறுவனங்கள், தொற்று உறுதியானவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவோ அடுத்த பயணத்துக்கு மாற்றவோ முன்வந்தன. என் மதிப்பீட்டில், எந்தப் புதிய கருவியையும்விட இந்த வணிக முடிவுதான் படிவத்தை மருத்துவ ஆவணமாக மாற்றியது.

மருத்துவர் தரும் தகுதிச் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். 70 வயதுக்கு மேற்பட்டோர் பயணத்துக்குத் தகுதியானவர் என்ற மருத்துவர் கடிதம் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை 2020 மார்ச்சிலேயே கப்பல் துறையில் எழுந்தது. தொற்று ஏற்பட்டால் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அந்தக் கடிதம் சொல்லும். யாரிடம் தொற்று உள்ளது என்பதை அதனால் சொல்ல முடியாது. இரண்டுமே தேவைப்படும் தகவல்கள்தான், ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் கடிதம் இருக்கிறதே என்ற தைரியம் மட்டும் மிஞ்சும்.

அன்று பிசிஆர் இருந்திருந்தால்

இந்தக் கேள்வி இயல்பாக எழும். பதில் ஓரளவுக்குத்தான் ஆறுதலானது. தொற்றிய பின் எந்த நாளில் மாதிரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிசிஆர் எவ்வளவு தவறும் என்று 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு கணக்கிட்டது. தொற்றிய முதல் நாளில் ஏறத்தாழ எல்லாருக்கும் நெகட்டிவ்தான் வரும். நான்காம் நாளில் தொற்றியவர்களில் 67 சதவீதம் பேருக்கு அப்படி வரும். அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாளில் 38 சதவீதம். மிகக் குறைவாகத் தவறும் எட்டாம் நாளிலும் 20 சதவீதம். ஏறுவதற்கு 72 மணி நேரம் முன் எடுத்த மாதிரி, அதற்கு முந்தைய சில நாட்களில் தொற்றியதைப் பெரும்பாலும் காணாது. அதற்குப் பின் விமானத்தில் தொற்றியதைக் காணவே காணாது.

இது ஏட்டளவில் நின்ற அச்சம் அல்ல. 2020 நவம்பரில் கரீபியக் கடலில் ஒரு சிறு கப்பல், வருமுன் ஒருமுறை, கப்பலடியில் ஒருமுறை என்று பயணிகளைச் சோதித்தே ஏற்றியது. சில நாட்களில் அதிலும் தொற்று வெளிப்பட்டுப் பயணம் பாதியில் முடிந்தது. இரண்டு சோதனைகளையும் ஒரே நம்பிக்கையின் இரு பிரதிகளாக எடுத்துக்கொண்டால் இப்படி ஆகும். இரண்டாவது சோதனை ஏறிய நான்காம் ஐந்தாம் நாளில் நடந்தால்தான், முதல் சோதனை காணாததைக் காணும் வாய்ப்பு உண்டு.

பின்னர் வந்த விதிகள்

2020 அக்டோபர் 30 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முழுத் தடையை நீக்கி, நிபந்தனைகளுடன் கூடிய அனுமதி முறையைக் கொண்டுவந்தது. அதில் வாசல் சோதனை ஒரு பகுதி மட்டுமே. கப்பலில் பரிசோதனைக்கூட வசதி, துறைமுகத்துடனும் கரையிலுள்ள மருத்துவமனையுடனும் தங்குமிடத்துடனும் முன்கூட்டியே எழுத்துபூர்வ ஒப்பந்தம், தன்னார்வலர்களுடன் வெள்ளோட்டப் பயணம் ஆகியவை நிபந்தனைகளாயின. பணியாளர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி முழுமையாகச் செலுத்தியிருந்தால் வெள்ளோட்டம் தேவையில்லை என்று 2021இல் தளர்த்தப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 26 அன்று அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளுடன் முதல் பெரிய கப்பல் மீண்டும் புறப்பட்டது.

'கிரெக் மோர்ட்டிமர்' நிகழ்வை அறிந்தவருக்கு இந்த நிபந்தனைகளின் வரிசை பரிச்சயமானதாகவே தோன்றும். சோதனை தவறும் என்று ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதிகள் அவை.

வாசலில் ஆவணங்களின் எண்ணிக்கையும் பெருகியது: தடுப்பூசிச் சான்று, பரிசோதனை அறிக்கை, உடல்நல அறிவிப்பு, சில பயணங்களுக்கு, நோயாளியைக் கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவை உள்ளடக்கிய காப்பீடு. அறிக்கையைப் பார்த்த ஊழியர் முடிவை மட்டும் பார்த்தால் போதவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், எந்த வகைப் பரிசோதனை, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், ஆய்வகத்தின் பெயர் ஆகிய நான்கையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதிகம் சிக்கல் தந்தது மூன்றாவது. பல ஆய்வகங்கள் அறிக்கை வெளியான நேரத்தைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, மாதிரி எடுத்த நேரத்தைச் சிறிய எழுத்தில் ஓரமாக வைத்தன. கெடு கணக்கிடப்பட்டதோ மாதிரி எடுத்த நேரத்திலிருந்து.

நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் வழி வைக்கவேண்டியிருந்தது. கிருமியின் மரபணுத் துணுக்குகள் நோய் தீர்ந்தும் வாரக்கணக்கில் மூக்கில் தங்கக்கூடியவை. பரப்பும் ஆற்றல் போன பின்னும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டும். எனவே 90 நாட்களுக்குள் தொற்று உறுதியானதற்கான அறிக்கையும் மீண்டுவிட்டார் என்ற மருத்துவர் கடிதமும் இருந்தால் புதிய பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்க விதிகள் ஏற்றன. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டுவந்து வாசலில் நின்றவர்களின் நிலை பரிதாபமானது.

இதே பயணம் மீண்டும் என்றால்

நாடுகளின் பட்டியலை நுழைவு நிபந்தனையிலிருந்து எடுத்துவிடலாம். அதன் இடத்தில் கடந்த பத்து நாட்களில் எங்கெங்கு, யாருடன், எவ்வளவு நேரம் என்ற விசாரிப்பு போதும். வெப்பமானியை வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதைக் கடந்தவர் நலமானவர் என்ற பொருளில் அல்ல. கட்டணம் வாங்கும்போதே, அறிகுறியை ஒப்புக்கொள்கிறவருக்குப் பணமும் தங்குமிடமும் உறுதி என்று எழுதித் தரவேண்டும். படிவத்தைப் பெட்டி ஏற்றிய பிறகு அல்லாமல், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நிரப்பச் செய்ய வேண்டும். பிசிஆர் ஒன்று ஏறுமுன், இன்னொன்று நான்காம் அல்லது ஐந்தாம் நாளில். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் உணவுக்கூடத்தையும் சொற்பொழிவுக் கூடத்தையும் சிறு குழுக்களாகப் பிரித்துப் பயன்படுத்தினால், சோதனை தவறவிட்ட ஒருவர் கப்பல் முழுவதற்கும் தொற்றைப் பரப்பமாட்டார். பணியாளர்களுக்குப் பயணிகளைவிட அடிக்கடி பரிசோதனை தேவை, ஏனெனில் ஒரு பயணம் முடிந்து மறு பயணத்துக்குக் கிருமியைக் கடத்தக்கூடியவர்கள் கப்பலிலேயே தங்கிவிடும் அவர்கள்தான்.

இவை அனைத்தையும்விட முதலில் வரவேண்டியது, எந்தத் துறைமுகம் நோயாளியை ஏற்கும், அங்கிருந்து எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மணி நேரத்தில் என்பதை உறுதிசெய்யும் கையெழுத்திட்ட தாள். அமெரிக்க மையம் கப்பல்களுக்கான தன் கோவிட் திட்டத்தை 2022 ஜூலை 18 அன்று முடித்துக்கொண்ட பின், வாசலில் என்ன கேட்பது என்பது பெரும்பாலும் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அடுத்த பெருந்தொற்றில் தொலைதூரக் கடலுக்குப் பயணச்சீட்டு வாங்குகிறவர், தன்னிடம் கேட்கப்படும் ஆவணங்களுக்கு ஈடாக இந்த ஒரு தாளைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்கலாம்.